மனைக்கோடுகளும் மறுபிறப்பும்: முன்ஸ்டர், காசல், ஹில்டஸ்ஹைம் நகரங்களின் போருக்குப் பிந்தைய மறுகட்டுமானம் குறித்த நிகழ்வு ஆய்வு

இரண்டாம் உலகப் போரில் ஏறக்குறைய ஒரே அளவுக்கு அழிந்த மூன்று ஜெர்மானிய நகரங்களுள் ஒன்றைப் பார்க்க இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். மற்றொன்றில் ஒரு சதுக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அரை நாளில் திரும்பிவிடுகிறார்கள். மூன்றாவதைப் பெரும்பாலோர் ரயில் மாறும் இடமாகவே அறிந்திருக்கிறார்கள். முன்ஸ்டர், ஹில்டஸ்ஹைம், காசல் ஆகிய இந்த மூன்றும் தலைநகரங்கள் அல்ல. தத்தம் வட்டாரத்துக்குச் சந்தையாகவும் கல்விக்கூடமாகவும் ஆட்சி இருக்கையாகவும் பல நூற்றாண்டுகள் விளங்கிய நடுத்தர ஊர்கள் அவை. இன்று முன்ஸ்டரின் மக்கள்தொகை மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. காசலில் சுமார் இரண்டு லட்சம் பேரும் ஹில்டஸ்ஹைமில் சுமார் ஒரு லட்சம் பேரும் வாழ்கிறார்கள். மூன்றிலும் பழைய நகரப் பகுதியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கோ அதற்கும் மேலோ குண்டுவீச்சில் அழிந்துபோயிற்று.

இவற்றின் ஈர்ப்பில் உள்ள வேறுபாட்டுக்குச் சொல்லப்படும் வழக்கமான விளக்கம் எளிமையானது: பழைய முகப்புகளைத் திரும்பக் கட்டிய ஊர் அழகானது, கான்கிரீட்டை நம்பிய ஊர் அழகிழந்தது. அந்த விளக்கம் போதாது என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு. முகப்பின் வேலைப்பாட்டைக் காட்டிலும், தெருவின் வரம்பும் மனைகளின் அகலமும் காக்கப்பட்டனவா என்பதும், அந்த முடிவு எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதும்தான் இவ்வூர்களின் பிற்கால வாழ்வைத் தீர்மானித்திருக்கின்றன.

அழிவு

1943 அக்டோபர் 10, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க விமானப்படை முன்ஸ்டர் நகரின் நடுப்பகுதியைப் பட்டப்பகலில் தாக்கியது. தேவாலயங்களும் வீடுகளும் நிறைந்த மையமே அன்று இலக்காக இருந்தது. அதன் பின்னரும் போர் முடியும் வரை தாக்குதல்கள் தொடர்ந்தன. முப்பதாண்டுப் போரை முடித்துவைத்த 1648ஆம் ஆண்டு வெஸ்ட்ஃபாலியா அமைதிப் பேச்சுகளோடு சேர்த்து நினைக்கப்படும் நகரமன்றக் கட்டடம் 1944 இலையுதிர் காலத்தில் எரிந்து, அதன் உயர்ந்த முக்கோண முகப்பு சரிந்து விழுந்தது. அங்குள்ள அமைதி மண்டபத்தின் செதுக்கிய மரப்பலகைகளை முன்னரே கழற்றி வேறிடத்தில் பாதுகாத்திருந்தார்கள். பின்னாளில் அந்த மண்டபத்தை மீட்க முடிந்ததற்கு இந்த முன்னெச்சரிக்கையே காரணம்.

காசலுக்கு 1943 அக்டோபர் 22 இரவு விதி வந்தது. நீராவி இயந்திரங்களும் டாங்கிகளும் செய்த ஹென்ஷல் ஆலையும், விமானத் தொழிலகமான ஃபீஸலரும் இருந்த ஊர் அது. ஆனால் அன்றிரவு பற்றியெரிந்தது குறுகிய சந்துகளில் நெருக்கியடித்து நின்ற மரச்சட்ட வீடுகள் கொண்ட பழைய நகரம். தனித்தனித் தீக்கள் ஒன்றுசேர்ந்து புயலாக மாறின. சுமார் 10,000 பேர் மாண்டனர். நிலவறைகளில் பதுங்கியவர்களில் பலர் தீ நெருங்கும் முன்பே மூச்சுமுட்டி இறந்தார்கள். இந்த ஊரின் மறுகட்டுமானத்தை எடைபோடுவோர் இதை மறக்கக்கூடாது. சந்தும் மரமும் சேர்ந்து தம் உறவினரைக் கொன்றதைக் கண்ணால் கண்டவர்கள்தாம், அகன்ற தெருக்களும் இடைவெளி விட்ட வீடுகளும் வேண்டும் என்று பின்னர் தீர்மானித்தார்கள்.

ஹில்டஸ்ஹைம் கடைசியில் அழிந்தது. 1945 மார்ச் 22 அன்று, ஜெர்மனி சரணடைய ஏழு வாரங்கள்கூட இல்லாத நேரத்தில், இருபது நிமிடங்களுக்குள் முடிந்துவிட்ட ஒரு தாக்குதலில் அதன் பழைய நகரம் சாம்பலாயிற்று. வடக்கின் நியூரம்பெர்க் என்று பெயர்பெற்ற, செதுக்கு வேலைகள் நிறைந்த மரவீடுகளின் ஊர் அது. தெற்கே சில தெருக்கள் மட்டும் தப்பின.

முன்ஸ்டர்: மனையைக் காத்தவர்கள்

முன்ஸ்டரின் முதன்மைத் தெருவான பிரின்ஸிபால்மார்க்ட் ஒரு மெல்லிய வளைவில் ஓடி, லாம்பர்ட்டி தேவாலயத்தின் கோபுரத்தடியில் சென்று முடிகிறது. வயதுவந்த பின்னரே திருமுழுக்குப் பெற வேண்டும் என்று வாதிட்ட, 1536இல் கொல்லப்பட்ட மறுதிருமுழுக்குக் கிளர்ச்சித் தலைவர்களின் உடல்களை ஏற்றிவைத்த மூன்று இரும்புக் கூண்டுகள் அக்கோபுரத்தில் இன்றும் தொங்குகின்றன. தெருவின் இருபுறமும் வீடுகளின் தரைத்தளம் வளைவுகள் கொண்ட தாழ்வாரமாகத் திறந்திருக்கிறது. அதன் மேல் முக்கோண முகப்புகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

1945க்குப் பின் இத்தெருவை என்ன செய்வது என்பதில் நகரசபைக்கும் கடைக்காரர்களுக்கும் திட்ட வல்லுநர்களுக்கும் இடையே நீண்ட வாதம் நடந்தது. இறுதியில் எட்டிய முடிவு ஒரு சமரசம் என்றாலும், அது நன்கு யோசித்துச் செய்த சமரசம். ஒவ்வொரு வீட்டையும் பழைய புகைப்படத்தைப் பார்த்துப் படியெடுக்கத் தேவையில்லை. ஆனால் பழைய மனையின் அகலம், தெருவின் வளைவு, தாழ்வாரம், தெருவை நோக்கிய முக்கோண முகப்பு ஆகியவற்றில் கைவைக்கக் கூடாது. அலங்காரத்தை விரும்பிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

இதன் விளைவை அருகில் நின்று பார்த்தால் புரியும். தாழ்வாரத்தின் உள்ளே நடக்கும்போது வளைவுகள் ஒரே சீராக வருவதில்லை. ஒரு வீட்டின் வளைவு அகன்று தாழ்ந்திருக்கும். அடுத்தது ஒடுங்கி உயர்ந்திருக்கும். தூணின் பருமனும் மாறும். இடைக்கால வணிகர் ஒருவர் வாங்கிய மனையின் அகலம் அவ்வளவு, அவருடைய பக்கத்து வீட்டாரின் அகலம் இவ்வளவு என்பதுதான் இந்த ஒழுங்கற்ற தாளத்துக்கு மூலம். தலைநிமிர்ந்து பார்த்தால் முகப்புகளில் பெரும்பாலானவை 1950களின் எளிமையான மணற்கல், செங்கல் வேலைகள் என்பது தெளிவாகவே தெரிகிறது. சுருள்களும் சிலைகளும் குறைவு. சாளரங்கள் சமமாக அமைந்தவை. இவற்றைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. பழையதாகத் தோன்றுவதற்கு அவை பெரிதாக முயலவே இல்லை. பழைய அளவுக்குள் நிற்பதோடு நிறைவு கொள்கின்றன.

நகரமன்றக் கட்டடம் மட்டும் விதிவிலக்கு. அதன் கோத்திக் முகப்பைப் பழைய வடிவிலேயே எழுப்ப வேண்டும் என்று ஊரின் வணிகர் சங்கம் முன்னின்று, பொதுமக்களின் நன்கொடையையும் சேர்த்து 1950 முதல் 1958 வரை பணியை முடித்தது. அமைதி உடன்பாட்டின் 300ஆம் ஆண்டு நிறைவையொட்டி அமைதி மண்டபத்தை 1948லேயே திறந்துவிட்டார்கள். நாணயச் சீர்திருத்தம் நடந்த அதே ஆண்டு அது. மக்களுக்குக் கூரையே போதாத காலம். அந்த நேரத்தில் ஒரு மண்டபத்துக்குச் செலவிட்டதைக் குறைசொல்லலாம். ஆனால் எதற்காக இந்த ஊரை இதே இடத்தில் மீண்டும் கட்டுகிறோம் என்ற கேள்விக்கு அந்த மண்டபம் ஒரு பதிலாக இருந்தது என்றே நினைக்கிறேன்.

அக்கால நவீனக் கட்டடக் கலைஞர்களில் பலர் முன்ஸ்டரின் வழியைப் பின்னோக்கிய போக்கு என்று கருதினார்கள். ஊரோ புதுமையை வெறுக்கவில்லை. பிரின்ஸிபால்மார்க்ட்டிலிருந்து நடந்து எட்டும் தொலைவில், 1956இல் திறக்கப்பட்ட நகர அரங்கம், இடிந்துபோன ஒரு பிரபு மாளிகையின் சுவரைத் தன் முற்றத்தில் அப்படியே வைத்துக்கொண்டு, ஒளிவுமறைவற்ற புதிய வடிவில் எழுந்தது. டைல்மன், ஹவுஸன், ராவ, ரூனோ என்ற நான்கு இளம் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த அக்கட்டடம் போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் தொடக்ககால அரங்கக் கட்டடங்களில் முதன்மையானது. தெருக்களின் அமைப்பு உறுதியாக இருந்ததால், அதனுள் ஒரு துணிச்சலான கட்டடத்தைத் தாங்க ஊரால் முடிந்தது. பழைய கோட்டைமதில் இருந்த வட்டத்தில், லிண்டன் மரங்கள் நிழல்தரும் சுமார் 4.5 கிலோமீட்டர் நடைபாதையையும் அவர்கள் சாலைக்குப் பலிகொடுக்கவில்லை. இன்று முன்ஸ்டர் மிதிவண்டிகளின் ஊராகப் பேர்பெற்றிருப்பதற்கு அந்த வளையம் பெரிதும் உதவுகிறது.

காசல்: வெட்டவெளியில் விளைந்தது

காசலில் எதிர்த்திசையில் யோசித்தார்கள். 1948இல் ஹெஸ்ஸன் மாநிலம் இயற்றிய மறுகட்டுமானச் சட்டம், சிதறிய சிறு மனைகளை ஒன்றுசேர்த்து மறுபங்கீடு செய்ய நகராட்சிகளுக்கு வழிவகுத்தது. பழைய நகரத்தின் சந்துகள் மறைந்து, பசும்புல்லுக்கு நடுவே வரிசை வீடுகளும், மையத்தைச் சுற்றி ஓடும் அகன்ற வட்டச்சாலையும் வந்தன. வெளிச்சமும் காற்றும் தீயிலிருந்து பாதுகாப்பும் கிடைத்தன; விரைவில் பெருகப்போகும் மோட்டார் வண்டிகளுக்கு இடமும் கிடைத்தது. வீடிழந்த ஆயிரக்கணக்கானோருக்கு இவை வெறும் கொள்கைகள் அல்ல, அன்றாடத் தேவைகள். இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது: ஆயிரமாண்டு நகரத்தின் மையத்தில் நிற்பவருக்கு, தாம் மையத்தில் நிற்கிறோம் என்ற உணர்வே வராமற் போயிற்று. மனைகள் கலைந்ததும் சிறுகடைக்கும் தெருவுக்கும் இருந்த நெருக்கம் போய்விட்டது. இரண்டு வீட்டு வரிசைகளுக்கு நடுவே உள்ள புல்வெளியில் நின்று பேரம்பேச யாருமில்லை.

ஆயினும் இதே ஊர்தான் 1953இல் ட்ரெப்பன்ஷ்ட்ராஸ என்ற படிக்கட்டுத் தெருவைத் திறந்தது. நடப்போருக்காகவே திட்டமிட்டுப் புதிதாக அமைக்கப்பட்ட தெரு என்ற வகையில் ஜெர்மனியில் முதலாவது அதுவே. வண்டிகளுக்காக ஊரையே அகலப்படுத்தியவர்கள், அதே மூச்சில் வண்டி நுழையாத தெரு ஒன்றையும் வகுத்திருக்கிறார்கள். தாழ்ந்த கடைகள், மெல்லிய கூரைகள், படிகளுக்கிடையே பூப்பாத்திகள் என்று 1950களின் நம்பிக்கை முழுவதும் அங்கே உறைந்திருக்கிறது. மார்ட்டின் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்களையும் பழைய அச்சில் வார்க்காமல், அக்காலத்துக்குரிய கூர்மையான வடிவில் எழுப்பினார்கள். எனக்கு அவை பிடித்திருக்கின்றன. எரிந்தவை எரிந்தவையே என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் கோபுரங்கள் அவை.

காசலின் உண்மையான மறுபிறப்பு ஒரு தோட்டக் கண்காட்சியின் ஓரத்தில் நிகழ்ந்தது. 1955இல் தேசியத் தோட்டக்கலைக் கண்காட்சி அங்கே நடந்தது. இடிபாடுகளைக் கொட்டி நிரப்பிய சரிவில் ரோஜாக்களை நட்டு, அதைக் கார்ல்ஸவ்வ பூங்காவோடு இணைத்தார்கள். அந்தச் சரிவின் மண்ணுக்கடியில் பழைய காசலின் செங்கற்களே கிடக்கின்றன. இக்கண்காட்சியோடு சேர்த்து, அவ்வூர் ஓவியரும் ஆசிரியருமான ஆர்னால்ட் போடே, கூரையிழந்து உட்புறம் எரிந்து கிடந்த ஃப்ரிடெரிசியானம் அருங்காட்சியகத்தில் நவீன ஓவியக் கண்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்தார். நாஜிகள் இழிந்த கலை என்று முத்திரை குத்தித் தடைசெய்த படைப்புகள், பூச்சில்லாத செங்கற்சுவர்களிலும் பிளாஸ்டிக் திரைகளின் முன்னும் மாட்டப்பட்டன. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். டாக்குமெண்ட்டா என்ற பெயரில் தொடங்கிய அது, இன்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை நூறு நாள் நடக்கும் உலகக் கலைவிழா. 2012, 2017 ஆண்டுகளில் காசலுக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்; ஊரின் மக்கள்தொகையைப் போல நான்கு மடங்கு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. டாக்குமெண்ட்டாவுக்குத் தேவைப்பட்டவை பாழடைந்த ஒரு பெருங்கட்டடமும் அதன் முன்னிருந்த பரந்த ஃப்ரீட்ரிக் சதுக்கமும்தான். அழிவும் வெட்டவெளியும் இல்லாத ஊரில் அது பிறந்திருக்காது. 1982இல் ஜெர்மானியக் கலைஞர் யோசஃப் பொய்ஸ் அதே சதுக்கத்தில் ஏழாயிரம் பாசால்ட் கற்களைக் குவிக்கச் செய்து, ஒரு மரம் நடும்போது அதனருகே ஒரு கல்லை எடுத்து ஊன்ற வேண்டும் என்று விதித்தார். அவர் 1986இல் இறந்தார். மறு ஆண்டு கடைசி மரம் நடப்பட்டது. பெரும்பாலும் ஓக் மரங்களான அவை, மறுகட்டுமானம் நிழலின்றி விட்ட அதே அகன்ற தெருக்களுக்கு இன்று நிழல்தருகின்றன. நகரத் திட்டத்தின் குறையை ஒரு கலைப்படைப்பு இவ்வளவு நேரடியாகச் சரிசெய்ததற்கு வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எனினும் விழா இல்லாத ஆண்டுகளில் காசலின் ஈர்ப்பு மையத்தில் இல்லை. மலைச்சரிவில் ஹெர்க்குலிஸ் சிலையும் செயற்கை நீர்வீழ்ச்சிகளும் கொண்ட வில்ஹெல்ம்ஸ்ஹோய பூங்கா 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வருவோர் அங்கே போகிறார்கள். 1991இல் திறந்த அதிவேக ரயில் நிலையமும் நகர மையத்தில் இல்லாமல் அந்தப் பக்கமே அமைந்ததால், ஊருக்குள் நுழையாமலே ஊரைப் பார்த்துத் திரும்பிவிட முடிகிறது.

ஹில்டஸ்ஹைம்: காலம் கடந்து மீட்டது

ஹில்டஸ்ஹைமின் சந்தைச் சதுக்கத்தில் 1529இல் கசாப்புக்காரர் சங்கம் கட்டிய மாளிகை ஒன்று இருந்தது. மேலே போகப்போக ஒவ்வொரு தளமும் தெருவை நோக்கி முன்னே நீளும் அந்த மரக்கட்டடத்தை உலகின் அழகான மரச்சட்ட வீடு என்று பாராட்டியவர்கள் பலர். 1945க்குப் பின் சதுக்கத்தைப் பழைய அளவிலேயே விடுவதா, விரிவுபடுத்துவதா என்று ஊர் இரண்டுபட்டு நின்றது. விரிவுபடுத்தும் தரப்பு வென்றது. 1960களில் அந்த மாளிகை நின்ற பக்கத்தில் தட்டைக்கூரையுடன் ஒரு நவீன விடுதி எழுந்தது. கட்டடக் கலைஞர் டீட்டர் ஓஸ்டர்லன் திறமையற்றவர் அல்ல; அவருடைய விடுதியும் தன்னளவில் ஒழுங்கான கட்டடமே. ஆனால் மனைக்கோடுகள் கரைந்த சதுக்கத்துக்கு எல்லையும் முகமும் இல்லாமல் போய்விட்டன. அதை எந்த ஒற்றைக் கட்டடத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

ஊர்மக்களின் மனக்குறை ஒரு தலைமுறை காலம் ஆறவில்லை. 1980களில் விடுதியின் வணிகமும் தளர்ந்தபோது, நன்கொடை திரட்டி, அதை இடித்துவிட்டுப் பழைய மாளிகையை அதே இடத்தில் எழுப்பினார்கள். 1987 முதல் 1989 வரை நடந்த அப்பணியில் ஓக் மரச்சட்டங்களை இரும்பு ஆணியின்றி மரமுளைகளால் பிணைத்தார்கள். பழங்காலத் தச்சுமுறையைக் கையால் செய்து பார்த்த ஒரு தலைமுறைத் தச்சர்கள் அதனால் உருவானார்கள். சதுக்கத்தின் மற்றப் பக்கங்களிலும் பழைய முகப்புகள் திரும்பின. ஆனால் வடபக்கத்து முகப்புகளின் பின்னால் இருப்பது ஒரே ஹோட்டல். தென்பக்கத்தில் சிலவற்றின் பின்னால் ஒரு சேமிப்பு வங்கி. வெளியே மூன்று வீடு, உள்ளே ஒரே தளம். முன்ஸ்டருக்கு நேர்மாறு இது: அங்கே முகப்பு எளிமையானது, மனை உண்மையானது, இங்கே முகப்பு துல்லியமானது, மனை மறைந்துபோனது.

சதுக்கத்தைவிட்டு வெளியே இரண்டு தெரு நடந்தால் 1950களின் சாதாரணக் கடைவீதிகள் வந்துவிடுகின்றன. சுற்றுலாப் பயணி அரை நாளில் திரும்புவதற்கு இதுவே காரணம். அவர் பார்க்க வந்த பழைய நகரம் ஒரு சதுக்கத்தோடு தீர்ந்துவிடுகிறது. இருந்தும் இந்த மீட்பை வீண்வேலை என்று தள்ளிவிட முடியாது. சனிக்கிழமைச் சந்தையில் காய்கறி வாங்கும் உள்ளூர்க்காரருக்கு அந்தச் சதுக்கம் ஊரின் நடுவீடாகத் திரும்பக் கிடைத்திருக்கிறது. பயணிகளுக்காக மட்டும் கட்டியிருந்தால், 2010இல் ஆண்ட்ரேயாஸ் சதுக்கத்தில் ‘கவிழ்த்துவைத்த சர்க்கரைக் கூம்பு’ என்று பெயர்கொண்ட சிறிய மரவீட்டையும் அவர்கள் திரும்ப எழுப்பியிருக்க மாட்டார்கள்.

இவ்வூரின் தேவாலயங்கள் வேறு கதை. 11ஆம் நூற்றாண்டின் புனித மைக்கேல் ஆலயத்தை 1950களில் பொறுமையாக மீட்டார்கள். முன்கூட்டியே கழற்றி வைத்திருந்த 13ஆம் நூற்றாண்டின் ஓவிய மரவிதானம் மீண்டும் மேலேறியது. அதுவும் பேராலயமும் 1985இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. பேராலயச் சுவரில் படர்ந்த காட்டு ரோஜா 1945இல் இடிபாடுகளுக்கடியில் எரிந்துபோய், அதே ஆண்டு வேரிலிருந்து தளிர்த்ததை ஊரார் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

ஒப்பீடு

முன்ஸ்டரின் ஈர்ப்பு முழுவதையும் மறுகட்டுமானத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. பெரிய பல்கலைக்கழகமும் ஆட்சி அலுவலகங்களும் அவ்வூரின் கடைகளுக்கு எப்போதும் வாடிக்கையாளர்களைத் தந்திருக்கின்றன. ஆயுதத் தொழிலை நம்பிய காசலுக்கு அந்த வசதி அதே அளவுக்கு இல்லை. மேலும் மரச்சட்ட நகரமான காசலையும் ஹில்டஸ்ஹைமையும்விட, கல்லும் செங்கல்லும் கொண்ட முன்ஸ்டரில் அடித்தளங்களும் நிலவறைகளும் கூடுதலாக எஞ்சின. பழைய மனையிலேயே கட்டுவது அங்கே செலவு குறைந்த வழியாகவும் இருந்திருக்கும்.

இவற்றை ஒதுக்கிய பின்னும் காலத்தின் பங்கு தெளிவாக நிற்கிறது. 1940களின் இறுதியில் மனையுரிமையாளர்கள் உயிரோடு, அதே ஊரில், அதே தொழிலில் இருந்தார்கள். மனைக்கோட்டை அப்போது காப்பதற்கு ஒரு விதிமுறை போதும். நாற்பதாண்டு கழித்து அதை மீட்க, பெரிய மனையை வைத்திருக்கும் ஹோட்டலோடும் வங்கியோடும் பேச வேண்டும், நன்றாக நிற்கும் கட்டடத்தை இடிக்க வேண்டும், நன்கொடை திரட்ட வேண்டும். அப்படியும் கிடைப்பது முகப்பு மட்டுமே. ஃபிராங்க்ஃபர்ட் இதே விலையை இன்னும் பெரிதாகக் கொடுத்தது: 1970களில் எழுப்பிய நகராட்சி அலுவலகத்தை இடித்து, பழைய சந்துகளின் போக்கிலேயே 35 கட்டடங்களை 2018இல் முடித்தார்கள். அவற்றுள் 15 மட்டுமே பழையவற்றின் மறுபடைப்பு. மற்றவை புதிய வடிவங்கள். சந்தின் அகலத்தையும் மனையின் அளவையும் முதலில் மீட்டு, முகப்பில் கட்டடக் கலைஞருக்குச் சுதந்திரம் தந்த இந்த முறை, முன்ஸ்டர் எழுபது ஆண்டுகளுக்கு முன் கண்டடைந்ததற்கு மிக அருகில் வருகிறது.

காசலில் சந்துகளை மீட்கும் பேச்சு இனி எடுபடாது, எடுபடவும் வேண்டியதில்லை. படிக்கட்டுத் தெரு இப்போது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். 1950களின் அந்த நகரத்துக்கும் எழுபது வயதாகிவிட்டது. அதன் மெல்லிய கூரைகளையும் கைப்பிடிகளையும் தரைக்கற்களையும் அதே கவனத்தோடு பழுதுபார்ப்பதும், காலியாகும் சிறுகடைகளுக்கு ஆள் பிடிப்பதும், வட்டச்சாலையைக் கடந்து நடப்பவருக்கு வழி அமைப்பதும்தான் அவ்வூர் நகராட்சியின் முன்னுள்ள வேலை.